பிரேக்கிலிருந்து எடுத்த கால்

அவருக்குப் பட்டப்பெயர் கடுகு. சூடு பட்டதும் வெடிப்பார் என்று யாரோ வைத்தது. "இனி எவன் முதுகுக்குப் பின்னால சொல்லுவான்?" என்று பட்டறைப் பலகையிலும் அதையே எழுதி மாட்டிவிட்டார்.

அந்தப் பட்டறையை அவரும் மனைவியின் அண்ணனும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். ஒரு கியர்பெட்டியை யார் தப்பாக மாட்டியது என்று ஆரம்பித்த சண்டை, பெற்றவர்களை இழுத்துத் திட்டும் வரை போனது. மச்சான் பிரிந்து வேன் ஓட்டப் போனார். போகிற போக்கில் தனக்கு உபயோகமே இல்லாத சாமான்களாகப் பார்த்து அள்ளிக்கொண்டார். எஞ்சின் முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியைச் சுழலாமல் பிடித்துக்கொள்ளும் பூட்டுக் கருவியும் அதில் ஒன்று. அத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

வருடங்கள் கழித்து ஒரு நாள் காலை, மச்சானின் வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்து பட்டறைக்குள் விட்டார்கள். கிராங்க் புல்லியின் போல்ட் தளர்ந்து, புல்லி ஆடி, பெல்ட்டைக் கிழித்திருந்தது. பக்கத்தில் வேறு பட்டறை இல்லை. மச்சான் சீட்டை விட்டு இறங்கவில்லை. அவருடைய தங்கை, கடுகின் மனைவி, நடுவில் வந்து நின்றாள்.

"இந்த போல்ட்டைக் கடைசியா யாரு இறுக்கினதுன்னு கேளு" என்றார் கடுகு, அவளைப் பார்த்து.

"நான்தான்னு சொல்லு" என்றார் மச்சான், ஜன்னல் வழியாக.

"பார்த்தாலே தெரியுது. அந்தப் பூட்டுக் கருவியைக் கொண்டு வரச் சொல்லு."

"பழைய இரும்புக்குப் போட்டாச்சுன்னு சொல்லு."

கடுகு பல்லைக் கடித்தார். புல்லியைப் பிடிக்காமல் போல்ட்டைத் திருகினால் எஞ்சினும் கூடவே சுற்றும். மிச்சமிருந்த வழி ஒன்றுதான்: வண்டியை டாப் கியரில் போட்டு, ஒருவர் பிரேக்கை விடாமல் மிதிக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் செத்துப்போயிருந்தது. மிதிக்க மச்சான் இருந்தார்.

சக்கரங்களுக்கு முன்னால் கொஞ்சம் தள்ளிச் செங்கல் வைத்தார். ரேடியேட்டரையும் ஃபேனையும் கழற்றினார். மரையைத் துடைத்துப் புது போல்ட்டைப் போட்டு, அளவு காட்டும் ஸ்பேனரால் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்கினார். அதுவரை பிரேக் பிடித்தது. போல்ட் தலையிலும் புல்லியிலும் சேர்த்துச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, பெரிய ஸ்பேனரில் நீள பைப்பைச் செருகினார்.

"இன்னும் கால் சுத்து இருக்கு. காலை எடுக்க வேணாம்னு சொல்லு."

"எனக்குக் காது கேக்குதுன்னு சொல்லு."

"காது கேக்கும். மண்டைக்குள்ளதான் ஒண்ணும் ஏறாது."

"என்னடா சொன்னே?"

பல வருடம் கழித்து நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அது. கேட்பதற்காக ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தவரின் கால் பிரேக்கை விட்டது. கடுகு தன் முழு எடையையும் பைப்பின் மேல் போட்டிருந்தார். எஞ்சின் சுற்றியது, வேன் முன்னால் நகர்ந்து செங்கலில் முட்டியது, ஸ்பேனர் நழுவியது. பம்பரில் இடித்து விரல் முட்டிகள் தோல் உரிந்து ரத்தம் கொட்டியது.

"வேணும்னே எடுத்தான்" என்றார் கடுகு, தரையில் உட்கார்ந்தபடியே.

"வழுக்கிடுச்சு" என்றார் மச்சான். குரலில் வருத்தம் துளியும் இல்லை.

அவள் ஒரு துணியைக் கணவனின் மடியில் எறிந்தாள். கதவைத் திறந்தாள்.

"இறங்கு அண்ணா."

"உன்னால முடியாது."

"இறங்குன்னேன்."

சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு, முதுகை அதில் அழுத்தி, இரண்டு காலையும் பெடல் மேல் வைத்தாள். "நீங்க வாயை மூடிட்டு இறுக்குங்க."

துணி சுற்றிய கையோடு கடுகு மறுபடி பைப்பைப் பிடித்தார். போல்ட் முனகிக்கொண்டே திரும்பியது. போல்ட்டின் கோடு புல்லியின் கோட்டிலிருந்து கால் சுற்று தள்ளி வந்து நின்றது. வண்டி அசையவில்லை. அவள் நெற்றி நரம்பு புடைத்திருந்தது.

மற்றதை மாட்டும் வரை மச்சான் தெருவில் நின்றார். கூலியைத் தங்கையின் கையில் திணித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "இனிமே ஒருத்தர் பேச்சை இன்னொருத்தர்கிட்ட நான் தூக்கிட்டு வர மாட்டேன். சண்டை போடணும்னா நேரா போடுங்க."

அவர்கள் நேராகவும் போடவில்லை. கடுகு கைத்தழும்பைக் காட்டி, வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் மச்சானை ஏசினார். மச்சானோ போகிற இடமெல்லாம் வேறு மாதிரி சொன்னார்: "அவனுக்கு என்ன தெரியும்? என் வண்டியைச் சரி பண்ணினதே என் தங்கச்சிதான்."

அது காதுக்கு எட்டிய அன்று கடுகு சாப்பிடவில்லை. மனைவி சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள்.