மறுகால்தடி என்று ஓர் இடம்

அணையைத் திறக்கப் போகிறார்கள், ஆற்றோரம் இருப்பவர்கள் மேடான இடத்துக்குப் போங்கள் என்று ஓர் ஆட்டோ எங்கள் தெருவில் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போன காலையில்தான், கிரேஸ் டீச்சர் காலமான செய்தி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பாளையங்கோட்டையில் எங்கள் பள்ளியில் கணக்கு நடத்தியவர். வகுப்பில் அவருக்குப் பயந்த பழைய மாணவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். எனக்கோ அவரே பயந்துபோன ஒரு நாள்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமைகளில், தமிழ் நடத்திய நானும் அவரும் மனை பார்க்கப் போவோம். விற்பவர்களே வேன் அனுப்பி, மதியம் பிரியாணிப் பொட்டலமும் தருவார்கள். டீச்சர் பொட்டலத்தை ஒரு பருக்கை விடாமல் முடித்துக் கை கழுவியதும், பக்கத்தில் ஆடு மேய்ப்பவரிடம் போய் அந்த இடத்துக்குப் பழைய பேர் என்ன என்று கேட்பார். “நகர்னு பேரு வச்சவன் நம்மகிட்ட விக்க வந்தவன் டீச்சர். வயலுக்குப் பேரு வச்சவனுக்கு நம்மளத் தெரியவே தெரியாது. அவன் எதுக்குப் பொய் சொல்லப் போறான்?” என்பார்.

அப்படிக் கேட்டுத்தான் நாங்குநேரிப் பக்கம் பாறைப்பொத்தை என்ற மேட்டில் அடுத்தடுத்து இரண்டு மனை வாங்கினோம். கல்லாங்காட்டைப் போய் வாங்கியிருக்கிறார்களே என்று ஊரே சிரித்தது. பிறகு சாலை அகலமானது, விலை ஏறியது. என் மகள் கல்யாணம் அந்தப் பணத்தில்தான் நடந்தது. டீச்சர் மாடி கட்டினார். அந்த லாபம்தான் அவர் கண்ணை மறைத்தது என்று இன்று நினைக்கிறேன்.

அடுத்த மனையை டீச்சர் மட்டும் வாங்கினார், முக்கூடல் போகும் வழியில். கோடைக்காலம். பக்கத்தில் வாழைத் தோட்டம், சிலுசிலுவென்று காற்று. இன்றே முன்பணம் கொடுத்தால்தான் இந்த விலை என்று தரகர் அவசரப்படுத்தினார். டீச்சர் அன்றைக்குப் பெயர் கேட்கவில்லை. பத்திரம் பதிந்து வேலி போடப் போன அன்று, வாத்து மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் வேலிக் கல்லைப் பார்த்துச் சிரித்தார். “எம்மா, இது மறுகால்தடில்லா? குளம் பெருகுனா தண்ணி இங்கன கூடித்தான போவும்!” நிரம்பிய குளம் வழிந்தோடும் பாதையை வாங்கியிருக்கிறார். அவர் முகத்தில் நான் பயத்தைப் பார்த்தது அன்றுதான்.

வெள்ளம் வந்த ஆண்டு அந்த வேலிக் கல்கூட வெளியே தெரியவில்லை. வடிந்த பிறகு, ஒன்றும் அறியாததுபோல் புல் முளைத்துக் கிடந்தது நிலம். சித்திரையில் ஓர் இளம் தம்பதி வாங்க வந்தார்கள். அவர்களுடைய சின்ன மகள் ஓடிப்போய் ஒரு மூலையில் நின்று, “இங்கன என் ரூம்!” என்றாள். டீச்சரின் மகன் கடை வைக்கப் பணம் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. டீச்சர் அந்தப் பிள்ளையைப் பார்த்தார். இடத்தின் பெயரைச் சொல்லிவிட்டார். வந்தவர்கள் போய்விட்டார்கள். தரகர் கத்தினார். மகன் அம்மாவிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

“சவத்தை விடுங்க டீச்சர். வித்துட்டு, ஒவ்வொரு ஐப்பசிக்கும் அந்தப் பிள்ளைய நெனச்சிக்கிட்டு நான் எப்படி உறங்க?” என்றார் என்னிடம். வாய்தான் அப்படிச் சொன்னது. மகன் பேசாதது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. கடைசிவரை அந்த மனையை அவர் விற்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் மகன் என்னைத் தனியே அழைத்தார். “மனைக்கு ஆள் வந்துட்டு டீச்சர். அம்மா படுக்கையில கெடக்கும்போதே மண்ணடிச்சு மேடாக்கிட்டேன். வாரிசுச் சான்று வந்ததும் பத்திரம். நீங்கதான் சாட்சிக் கையெழுத்து போடணும். அம்மா மாதிரி பழைய பேரு அது இதுன்னு சொல்லிராதீய.” வாங்குவது யார் என்று கேட்டேன். “சின்னக் குடும்பம்தான். ரெண்டு பொம்பளப் பிள்ளைய” என்றார். மழை வலுத்திருந்தது.

மறுநாள் போய்ப் பார்த்தேன். தென்றல் கார்டன் என்று புதுப் பலகை நின்றது. கொட்டிய மண்ணின் ஓரம் அதற்குள் கரையத் தொடங்கியிருந்தது.

டீச்சரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்தப் பெயர்தான். கையெழுத்து நான் போடப்போவதில்லை. அதனால் விற்பனை நிற்காது, வேறு யாராவது போடுவார்கள். அவரைத் தெரிந்த உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். முக்கூடல் சாலையில் அந்தப் பலகையை யாராவது உங்களுக்குக் காட்டினால், மனை பார்க்க வந்த எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்: இந்த இடத்துக்கு மறுகால்தடி என்று பெயர். கிரேஸ் டீச்சர் சொன்னார்.