மணிக்கூண்டு சிஸ்டரும் திங்கட்கிழமை நோட்டும்

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபத்தொரு வருடமாக வேலை பார்க்கும் அந்த நர்ஸுக்கு உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் மணிக்கூண்டு. மணிக்கொரு தரம் ஒவ்வொரு கட்டிலாக வந்து, விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பார். என் மனைவி நிமோனியாவோடு அங்கே கிடந்த பதினொரு நாளும், பார்வை நேரத்தில் என் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தேன். அதிகபட்சத் தாமதம் நான்கு நிமிடம். அன்று கடைசிக் கட்டில்காரருக்கு மூச்சு நின்று திரும்பியிருந்தது.

சிஸ்டருக்கு வயது நாற்பத்தேழு. கணவர் பேருந்து ஓட்டுகிறார், இரண்டு பெண்கள். மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பார். விரலின் நடுவில் குத்தமாட்டார், ஓரத்தில்தான்; நடுவில் வலி அதிகமாம். குத்துவதற்கு முன் நோயாளியின் நெற்றியைப் புறங்கையால் தொடுவார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், மயக்க மருந்தில் இருந்த ஒருவருக்கு இன்சுலின் ஏறிக்கொண்டிருந்தபோது சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது. வாய்விட்டுச் சொல்ல முடியாத மனிதர். வேர்வை மட்டும் கொட்டியிருக்கிறது. யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. அவர் பிழைக்கவில்லை. அன்று பிடித்த பழக்கம் என்று சிஸ்டரே சொன்னார்.

என் மனைவிக்குப் பதினான்கு வருடமாகச் சர்க்கரை வியாதி. சேர்க்கும்போதே, அவள் சர்க்கரை அளவை நான் எழுதிவந்த நோட்டைக் கொடுத்தேன். வானிலை நிலையத்தில் முப்பத்தேழு வருடம் மழையையும் வெயிலையும் அளந்து எழுதியவன் நான். ஒரே நேரத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். ஆகவே திங்கட்கிழமை தோறும் காலை ஆறு மணி, வெறும் வயிறு. எழுநூற்றுச் சொச்சம் பதிவுகள், பெரும்பாலும் 105க்கும் 120க்கும் இடையில்.

டாக்டர் புரட்டிப் பார்த்தார். "பிரமாதமான கட்டுப்பாடு. எல்லாருக்கும் வைக்கிற மாதிரி 140லேருந்து 180க்குள்ள வெச்சுக்கலாம்."

பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி ஓட்டுநர். அவருக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது. ஆனாலும் கிருமி ரத்தத்தில் கலந்ததில் 260 ஏறியிருந்தது; உடம்பு உயிருக்குப் போராடும்போது தானாகவே சர்க்கரையை அள்ளி விடுமாம். இருவருக்கும் இன்சுலின் பம்ப், இருவருக்கும் ஒரே இலக்கு. மூன்றாம் நாள் பிற்பகல் ஓட்டுநர் 150க்கு வந்து நிம்மதியாகத் தூங்கினார். என் மனைவி 148இல் வேர்த்துக் கொட்டி, இதயம் நிமிடத்துக்கு 128 துடிக்க, ஆக்ஸிஜன் முகமூடியைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தாள். இப்படியே போனால் தொண்டையில் குழாய் போட்டு மயக்கத்தில் வைக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். அப்படிப் போனவர்களில் எத்தனை பேர் திரும்புவார்கள் என்று நான் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பரிசோதனைக்கூடத்துச் சீட்டு வந்தது. அவளுடைய மூன்று மாதச் சராசரி 246.

"இவ்வளவு நேர்த்தியா எழுதினவர் நோட்டு தப்பா இருக்குமா? ரத்தம் மாறியிருக்கும், மறுபடி அனுப்புங்க" என்றார் டாக்டர். மறு முடிவு மறுநாள்தான் வரும்.

மணிக்கூண்டு மனைவியின் நெற்றியைத் தொட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"ஐயா, ஞாயித்துக்கிழமை ராத்திரி அம்மா என்ன சாப்பிடுவாங்க?"

"ஒண்ணும் சாப்பிட மாட்டா. வயிறு மந்தம்பா."

"ஞாயிறு தவறாம மந்தமா?"

"சனிக்கிழமையும் கொறிக்கிறதோட சரி."

"மாத்திரை யாரு எடுத்துக் குடுக்கிறது?"

"அவளே போட்டுப்பா."

சிஸ்டர் சிரித்துவிட்டார். "பதினாலு வருஷமா பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் படிச்சே பாஸ் பண்ணியிருக்காங்க உங்க வீட்டம்மா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அதற்குள் டாக்டரிடம் போயிருந்தார்.

"சார், சீட்டு சரிதான், நோட்டுதான் ஏமாந்திருக்கு. 246லயே பழகின உடம்பு. பக்கத்து பெட்டுக்கு 148 சரி, இவங்களுக்கு அது பாதாளம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். இலக்கு 180லிருந்து 220 ஆனது. பம்பின் வேகம் குறைந்தது. பார்வை நேரம் முடிந்தும் என்னை வெளியே போகச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. ஐந்து மணிக்கு 169. ஆறு மணிக்கு 191, துடிப்பு 98. முகமூடி முகத்திலேயே இருந்தது. மறுநாள் வந்த முடிவு 244.

பதினொன்றாம் நாள் மனைவி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா அப்படிப் பண்ணீங்க?" என்றார் சிஸ்டர்.

"சனி ஞாயிறு பட்டினி கிடந்து, மாத்திரையும் ஒண்ணு கூடுதலா முழுங்கினா தீந்துது. நம்பர் கூடிட்டா இந்த மனுஷன் மூஞ்சியை வியாழக்கிழமை வரைக்கும் யாரு பாக்கிறது?"

சிஸ்டர் அவள் விரலோரத்தில் குத்தினார். "இருநூத்தி ஆறு."

மனைவி மீட்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். சிஸ்டரும் என்னையே பார்த்தார்.

"சரி" என்றேன். "பசிக்குதா உனக்கு?"

"இவருக்கும் குணமாயிடுச்சும்மா" என்றார் மணிக்கூண்டு. "ரெண்டு பேரையும் வார்டுக்கு மாத்திடலாம்."