அந்தோணியண்ணன் மாற்றிய போல் ஜொயின்ட்

போன கிழமை என் வேனின் முன்பக்கம் டொக் டொக்கென்று தட்ட ஆரம்பித்தது. ஹட்டனில் ஒரு கராஜில் விட்டேன். மெக்கானிக் அடியில் படுத்துச் சக்கரத்தை இரண்டு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, "போல் ஜொயின்ட் போயிருச்சுங்க சேர்" என்றார். நான் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் ஒரு கவ்வியைப் பூட்டித் திருகி, பழையதைக் கழற்றி என் காலடியில் போட்டார். எடுத்துப் பார்த்தேன். கறுத்த கிரீஸ், கிழிந்த ரப்பர் தொப்பி. அந்த வாடை மூக்கில் ஏறியதும் தேத்தண்ணி கசந்துவிட்டது. சீனி போட்ட தேத்தண்ணிதான்.

அப்போது தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் ஜீப் டிரைவர். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன ஜீப் அது. அவர் நல்லதையெல்லாம் எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். முன்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் குறுக்குத் தண்டின் முனைகளில் இருக்கிற போல் ஜொயின்ட்கள் தேய்ந்து, ஸ்டியரிங்கைக் கால்வாசி சுற்றினால்தான் சக்கரத்துக்குச் சேதி போகும். போன பிறகும் அது யோசிக்கும். ஒருநாள் வளைவில் அந்த முனை கழன்றால் சக்கரங்கள் ஆளுக்கொரு திசையில் போகும், நான் மூன்றாவது திசையில் போவேன் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். முனியாண்டி கோயில் வளைவில் முனியாண்டி, அடுத்த வளைவில் மாதா, அரசமரத்தடியில் புத்தர் என்று ஒருவரையும் விடாமல் கும்பிட்டுக்கொண்டு ஓட்டினேன். அந்த வருஷங்களில் என்னளவுக்குப் பக்திமான் அந்தத் தோட்டத்திலேயே கிடையாது.

தோட்டத்து ஃபிட்டர் அந்தோணியண்ணன். பெரிய தேகம், சின்னக் குரல். சாமான் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தார். "வரும்டா. எனக்குப் பென்சன் வர்றப்ப அதுவும் சேந்து வரும்" என்பார்.

பென்சனுக்கு முந்தி அவருக்கு இந்தியா வந்துவிட்டது. இரண்டு நாட்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி போகிறவர்களில் அவர் குடும்பமும் ஒன்று. அவருடைய தகப்பன் என்றைக்கோ இந்தியப் பிரஜையாக எழுதிப் போட்டதாம். புறப்படும் நாள் குறித்தாகிவிட்டது. அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். நோயாளியை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் கொழுந்து லொறிதான். கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவே படுத்துப் போக வேண்டும். ஜீப் துரைக்கு மட்டும். ஆனால் இந்தியா போகிறவனுக்கு, ஸ்டேஷன்வரை ஜீப் தரலாம். அனுப்பி வைப்பதில் அத்தனை மரியாதை.

புறப்படும் நாளன்று ஜீப்பை நம்ப முடியாது, லொறியும் பழுதாகிக் கிடந்தது. அந்தோணியண்ணன் துரையிடம் போய் நின்றார். நானும் பின்னால் நின்றேன். அரசாங்கம் போட்ட புதுத் துரை சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். "ஜீப் இருக்குத்தானே அந்தோணி. நீயே செஞ்சு எடுத்துக்கிட்டுப் போ."

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: "பாத்தியாடா. தொரத்துறதுக்கும் நாமளே வண்டி செஞ்சு குடுக்கணும்."

ஃபெக்டரிக்குப் பின்னால் செத்துக்கிடந்த இன்னொரு ஜீப்பிலிருந்து ஓரளவு நல்ல ஜொயின்ட் இரண்டைக் கழற்றிக் கொண்டுவந்தார். எங்கள் ஜீப்பின் பழையது மட்டும் அசையவில்லை. துருப்பிடித்து, இரும்போடு இரும்பாகிவிட்டிருந்தது. அதற்கு ஒரு வழி உண்டு. ஜொயின்டின் முள் இறங்கியிருக்கிற வளையத்தின் இரு பக்கமும் இரண்டு சுத்தியல் ஒரே நேரத்தில் விழ வேண்டும். ஒரு பக்கம் அவர், எதிர்ப்பக்கம் நான். சுத்தியலை ஓங்கும்போதே கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணத் தொறந்துக்கிட்டு அடிடா. நான் இந்தியாவுக்குக் கையோட போகணும்."

"கண்ணு தொறந்தாத்தான்ணே பயம் தெரியுது."

"அப்ப காதையாவது தொற. நான் சொல்றப்ப அடி."

அடித்தோம், அசையவில்லை. மறுபடி அடித்தோம். பத்து மணிக்கு ரயில், எங்கள் பேச்சில் கோச்சி. விடிந்து வெகுநேரமாகியிருந்தது. நீங்கள் என்னைக் கேவலமாக நினைத்தாலும் பரவாயில்லை, அந்த முள் கழன்று வராவிட்டால்தான் என்ன என்று எனக்குள் ஒரு குரல் இளித்துக்கொண்டிருந்தது. கோச்சி போய்விடும், அண்ணன் இங்கேயே இருப்பார்.

முகத்தில் எழுதி ஒட்டியிருந்ததோ என்னவோ. கட்டிய பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்த அவர் மனைவி லூர்தம்மா அக்கா மெதுவாகச் சொன்னார்: "வராட்டி நல்லதுன்னு நெனைக்கிறியா தம்பி? தோட்டத்துல பேரு வெட்டியாச்சு. எங்க லயத்து வீட்டுக் காம்பராவுல நேத்தே வேற ஆள் சட்டி பானைய எறக்கிட்டாங்க. இந்தக் கோச்சிய விட்டா எங்கள எந்த நாட்டுல எறக்குவ?"

கண்ணைத் திறந்துகொண்டு ஓங்கினேன். இரண்டு சுத்தியலும் ஒன்றாக விழுந்தன. முள் தொப்பென்று கீழே இறங்கியது.

மற்ற முனையும் வந்தது. புதியதென்று சொல்ல முடியாத புதியதை அண்ணன் பூட்டினார். நட்டின் துளையில் பின்னைச் செருகி இரண்டாக மடித்தார். அவருக்கு எந்த வேலையிலும் அவசரம் கிடையாது. ஊரைவிட்டுப் போகிற அன்றைக்கும் கிடையாது.

டிக்கோயாவைத் தாண்டி ஜீப் கோடு போட்டமாதிரி ஓடியது. ஸ்டியரிங்கைத் தொட்டதும் சக்கரம் கேட்டது. வளைவுகளில் நான் ஒரு தெய்வத்தையும் கூப்பிடவில்லை. அண்ணன் முன் சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்க்காமல், வண்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். "நல்லாப் பிடிக்குதுல்ல?" என்றார். பிடிக்கிறது என்றேன்.

ஸ்டேஷனில் கூட்டம். போகிறவர்கள் கொஞ்சம், அழ வந்தவர்கள் நிறைய. கோச்சி புறப்படும்போது மேடையே ஒரே குரலில் கதறியது. அண்ணன் அழவில்லை. ஜன்னலில் எட்டி, "கொஞ்ச தூரம் ஓடுனதும் ஒரு தடவ முறுக்கிப் பாத்துக்கடா. பழசுதானே" என்றார். பெட்டி நகர்ந்தது. லூர்தம்மா அக்கா அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

தனியாகத் திரும்பினேன். ஜீப் ஆடவில்லை. நான்தான் வளைவில் தடம் விலகினேன். வண்டியைக் குறை சொல்ல வழியில்லாமல் போன முதல் நாள் அது. ஓரமாக நிறுத்தி, அண்ணன் சொன்ன நட்டைக் குனிந்து தொட்டுப் பார்த்தேன். அடுத்த வாரம் ஒருத்தியைப் பிரசவத்துக்குக் கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். செம்மையாக ஓடும் ஜீப், பங்களா வாசலில் நின்றது.

பிறகு உள்நாட்டுச் சண்டை வந்தது, இந்தியாவுக்குப் போன கப்பல் நின்றது. கடல்வரை போன அந்தக் கோச்சியும் நின்றது. ஹட்டன் மேடையில் இப்போது கொழும்புக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் நிற்கிறார்கள். யாரும் யாரையும் கட்டிப்பிடித்து அழுவதில்லை. போனில் பேசிக்கொள்வார்கள். தோட்டத்துக் கராஜ் கொட்டகை உரம் போடும் இடமாகி, அதுவும் இல்லாமல் போயிற்று. ஜீப்பை வெட்டி இரும்பாக விற்றார்கள். அண்ணன் வீட்டில் சட்டி பானை இறக்கியவர்களும் எங்கோ போய்விட்டார்கள். கூரைத் தகரத்தை யாரோ கழற்றிக்கொண்டார்கள். போன கிழமை கராஜிலிருந்து வேனை எடுத்துக்கொண்டு வரும் வழியில் அங்கே இறங்கிப் பார்த்தேன். எங்கள் வரிசை வீடுகளான லயம் இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மானாப்புல். அதற்குள் நுழைந்து அவர் வாசற்படி எதுவென்று தேடினேன். அந்த லயத்தில் ஒவ்வொரு வாசலிலும் சோறு தின்றவன் நான். எந்தப் படியும் காலில் தட்டவில்லை.