அத்தானின் ரத்தத்தில் அணைந்த தீ

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், தீயணைப்பு வண்டி ஓட்டுகிறார். அடுப்பில் எண்ணெய் லேசாகப் புகைந்தாலே வீட்டில் ஒரு சொற்பொழிவு நடக்கும். உஷாராக இல்லாதவன் அவர் கணக்கில் மனிதனே இல்லை.

கல்யாணமான புதிதில் அவருக்கு ஹெபடைடிஸ் சி இருப்பது தெரிந்தது. ஈரலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும் வைரஸ். பயப்பட வேண்டாம் என்று டாக்டர் எவ்வளவோ சொல்லியும், இது ஒழியட்டும், குழந்தையைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம் என்று ஒரே பிடியாக நின்றார். அக்காவுக்கோ பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கினால் திருப்பிக் கொடுக்க மனம் வராது.

பிறகு நல்ல மாத்திரைகள் வந்தன. அத்தான் ஒரு வேளை தவறாமல் விழுங்கினார். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஆராய்ச்சிக்காக ரத்தம் எடுத்தார்கள். நம் காவல் செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றனவாம். கிருமியை மோப்பம் பிடிப்பதும், செல்லைச் சண்டைக்குக் கிளப்புவதும் அவைதான்; அவற்றின் அளவைப் பார்க்கத்தான் அந்த ரத்தம்.

கடைசிப் பரிசோதனை முடிவுக்காக மூவரும் டாக்டர் அறை வாசலில் காத்திருந்தோம். ஆய்வகப் பெண் அந்தப் பக்கம் போனபோது, அவருடைய ஏற்பிகள் நன்றாகக் குறைந்துவிட்டன என்று சொல்லிவிட்டுப் போனாள். அத்தான் முகம் தொங்கிப்போயிற்று.

"நம்மாளுங்க படுத்துட்டாங்க. மருந்து வேலை செய்யல" என்றார் அக்காவிடம். அரைகுறையாகக் கேட்டுவிட்டு உளறாதீர்கள் என்று நான் கத்தினேன். அக்கா முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

உள்ளே போனதும் அத்தான் அதையே கேட்டார். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வைரஸ் இருந்தவரைக்கும் அதுங்க ஓயாம அலாரம் அடிச்சுது. மாத்திரை ஒழிச்சது வைரஸை. அது போனதும் இதுங்க தானா அடங்குது. தீ அணைஞ்ச பிறகும் மணி அடிப்பீங்களா? சிலது மட்டும் உங்களை மாதிரி இன்னும் அடங்கல."

"அப்போ வைரஸ்?"

"இல்ல. சுத்தமா இல்ல."

அத்தான் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அக்கா அழவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இனிமே குழந்தை பெத்துக்க எந்தத் தடையும் இல்லையே டாக்டர்?"

ஒரு தடையும் இல்லை என்றார் அவர். அக்கா திரும்பி, "காதுல விழுந்துச்சா?" என்றாள்.

அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீ கொஞ்சம் வெளிய நில்லுடா."