இரண்டு விரற்கடை

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் பேராக் மாநிலத்தில் என் லாரிகள் போகாத சாலை இல்லை. என் கையால் பிரித்துப் பூட்டாத லாரியும் என்னிடம் இருந்ததில்லை. பெருமைக்குச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் டவுனை ஒட்டிய குனோங் ராபாட்டில் மூலை வீடு வாங்கியிருக்கிறேன்.

லாரிகள் வருவதற்கு முன் எனக்கு இருந்தது ஒரு ஜப்பான் கார். இன்றும் வீட்டு முன்கொட்டகையில் நிற்கிறது. சிறுதோட்டக்காரர்களிடம் கட்டிப்பால், அதாவது உறைந்த ரப்பர், வாங்கி, மூட்டை மூட்டையாக அதில்தான் ஏற்றினேன். மழை நாளில் அந்த நாற்றம் இன்றும் லேசாக எழும். செம்மண் தடத்தில் அடி தட்டக்கூடாது, பாரத்தில் பின்புறம் அமுங்கக்கூடாது என்று பின் ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு, நீளமாகத் தடித்ததாக வேறு இரண்டு போட்டேன். அன்றிலிருந்து அந்தக் கார் கட்டெறும்பு மாதிரி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டே நின்றது. நான் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை, என் மனைவிக்கு முழங்கால் அறுவை நடக்கும் வரை.

அறுவைக்குப் பிறகு அவளுக்கு வலது கால் மடங்கவில்லை. முன் சீட்டில் உட்கார முடியாது. பின் சீட்டில் குறுக்காக உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ளலாம், ஆனால் சீட்டு எட்டவில்லை. ஒருமுறை முயன்று சறுக்கினாள், நான் பிடித்துக்கொண்டேன். பிறகு நான்கு மாதம் அவள் எந்த வண்டியிலும் ஏறவில்லை. மகனுடைய காருக்கு ஏணி வேண்டும். வாடகைக் காரில் முகம் தெரியாதவன் தூக்கி உட்கார வைப்பதா என்று மறுத்துவிட்டாள்.

பாகான் செராயில் அவளுடைய அக்கா படுத்த படுக்கையாக இருந்தார். தினமும் மாலையில் போன் வரும்.

"வாரேன் வாரேன்னுதான் சொல்ற. நான் போனப்பெறகு வந்து யார்கிட்ட பேசப்போற?"

"இந்த ஞாயித்துக்கெழம கட்டாயம் வாரேங்க்கா," என்றாள் இவள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அன்று செவ்வாய்.

பட்டறையில் கேட்டேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய்க் குனிந்து பார்த்தேன். புதன்கிழமை, பழைய கார்களை உடைத்து விற்கும் கடைக்குப் போய், அதே மாதிரிக் காரின் குட்டையான ஸ்பிரிங்குகள் இரண்டு கேட்டேன். கடைக்காரச் சீனர் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "அங்கிள், கார எறக்கிக்கிட்டு ரேஸ் ஓடப் போறியா?" என்று மலாயில் கேட்டார்.

"ஆமா தவுக்கே, பாகான் செராய் வரைக்கும்," என்றேன்.

எவ்வளவு இறங்க வேண்டும் என்பதற்கு என்னிடம் டேப் அளவு இல்லை. சமையலறையில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. அதில் மட்டும்தான் அவள் யார் கையையும் பிடிக்காமல் உட்கார்ந்து எழுவாள். அதைக் கொண்டுவந்து காரின் பின்கதவருகே வைத்தேன். சீட்டு அந்த நாற்காலி மட்டத்துக்கு வந்தால் போதும்.

சனிக்கிழமை காலை ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு முட்டுக் கொடுத்தேன். பின் அச்சைக் காரோடு பிணைக்கும் இரும்புக் கைகளின் நட்டுகளைக் கழற்றி, அச்சைத் தாழ்த்தி, நீள ஸ்பிரிங்கை எடுத்துக் குட்டையை வைத்தேன். எழுபது வயதில் தனி ஆளாக. பிறகு எல்லா நட்டுகளையும் பல்லைக் கடித்து இறுக்கினேன். வண்டி தரையைத் தொடுமுன் கழற்றியது அத்தனையும் முழுக்க இறுகியிருக்க வேண்டும். லாரி ஓட்டிய காலத்திலிருந்து என் சட்டம் அது. பிறகு இறுக்கலாம் என்று விட்டுச் சக்கரம் கழன்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காரை இறக்கினேன். நாற்காலியை வைத்துப் பார்த்தால் இரண்டு விரற்கடை இன்னும் உயரம்.

மனைவி கைத்தடியோடு வாசலில் நின்றாள். "என்னங்க, ஏறலாமா?"

"இரு."

"இருந்துக்கிட்டுத்தான இருக்கேன், நாலு மாசமா."

பின்பக்கத்தில் உட்கார்ந்து அழுத்தினேன். குதித்தும் பார்த்தேன். விறைப்பாக நின்றது. பொறுக்கவில்லை எனக்கு. ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்துவிடலாம் என்று அறுக்கும் மெஷினை எடுத்து வயரைச் சொருகி ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.

அந்தச் சத்தத்துக்கு அடுத்த வீட்டுக்காரர் வேலியருகே வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பொதுப்பணியில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். புத்தகம் படித்த ஆள். எனக்கும் அவருக்கும் நல்ல நட்புதான், ஆனால் கார் விஷயத்தில் நான் அவரிடம் எதையும் கேட்டதில்லை.

"அறுக்கப் போறீங்களோ?"

"இன்னும் ரெண்டு வெரல் எறங்கணும் சார்."

"அந்த நட்டுகளை எப்ப இறுக்கினீங்கள்? சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கேக்கையோ?"

"பின்ன? ஓடுறப்பயா இறுக்குவாங்க?"

அவர் சிரிக்கவில்லை. "உள்ளே ரப்பர் புஷ் இருக்குதெல்லோ," என்று மட்டும் சொன்னார்.

மெஷினைக் கீழே வைத்தேன். அதற்கு மேல் அவர் சொல்லத் தேவையில்லை. சொல்லாவிட்டாலும் நானே கண்டுபிடித்திருப்பேன், ஒரு சுற்றை அறுத்த பிறகு. அந்தக் கைகளின் முனையில், போல்ட்டைச் சுற்றி, ரப்பர் புஷ் இருக்கிறது. தொங்கும் நிலையிலேயே நட்டை இறுக்கிவிட்டால் ரப்பரும் அதே நிலையில் பிடிபட்டுவிடும். கார் இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு, இறங்காதே என்று தூக்கிப் பிடிக்கும். லாரிப் பட்டை ஸ்பிரிங்கில் என் சட்டம் எனக்குச் சோறு போட்டது. இந்தக் காரில் அதே சட்டம் என் மனைவியை வாசலில் நிறுத்தி வைத்திருந்தது. ரப்பரில் வளர்ந்தவன் ரப்பரை மறந்தேன்.

இரண்டு தடித்த லாரிப் பலகைகளின் மேல் பின் சக்கரங்களை ஏற்றி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, கீழே படுத்தேன். இப்போது காரின் பாரம் முழுக்கச் சக்கரத்தில் இருந்தது. நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். கடைசி நட்டில் 'டக்' என்று ஒரு சத்தம். என் மூக்குக்கு மேலே கார் பெருமூச்சு விட்டதுபோல அமர்ந்தது. அந்த நிலையிலேயே மறுபடி இறுக்கினேன். ஒன்றையும் விடவில்லை. இரண்டு முறை சரிபார்த்தேன்.

பலகையிலிருந்து இறக்கி நாற்காலியை வைத்தேன். சரி மட்டம்.

கையில் கிரீஸ், முதுகெல்லாம் மண். அப்படியே அவளைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினேன். அவள் கதவைப் பிடித்தாள், திரும்பினாள், மெதுவாக உட்கார்ந்தாள். காலை ஒரு கையால் தூக்கி சீட்டின் மேல் நீட்டினாள். என் கை காற்றிலேயே நின்றது.

"கைய எடுங்க, கதவ சாத்தணும்," என்றாள்.

"நாளைக்குத்தான ஞாயித்துக்கெழம?"

"ஏறிட்டேன்லா. இனிமே எறங்கமாட்டேன். குளிச்சிட்டு வாங்க."

நான் குளித்துவிட்டு வரும் வரை அவள் காரிலேயே இருந்தாள். அக்காவுக்குப் போன் போட்டு, கிளம்பியாச்சு என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் எஞ்சினியர் கையை ஆட்டினார். நான் தலையை மட்டும் அசைத்தேன். நன்றியைத் திரும்பி வந்து சொல்லலாம்.

எங்கள் வரிசை வீடுகளின் முனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. முப்பது வருடத்தில் முதல்முறையாக அடி லேசாக உரசியது. நான் உடனே பிரேக் போட்டு இறங்கிப் பார்க்கப் போனேன்.

"ஒரசுனா ஒரசட்டும்," என்றது பின் சீட்டு. "போங்க."