பதினோராவது கம்பித்துண்டு

மிருகக்காட்சிசாலையில் தீக்கோழிகளைப் பார்த்துக்கொள்ளும் அவளுக்குப் பெயர் 'இன்னொருவாட்டி அக்கா'. யார் எதை எண்ணிச் சொன்னாலும், "இன்னொரு வாட்டி எண்ணு" என்பாள். அடைப்புக்குள் இரண்டு சுத்தியல் போனால் இரண்டும் வெளியே வந்தாகவேண்டும். கட்டிங் பிளேயரை நீட்டினால் பிடி வாங்குபவர் பக்கம் இருக்கவேண்டும். வீட்டிலும் இதே கதைதான். மகள் சட்டைக்குப் பித்தான் தைத்தால், ஊசியை அம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும்.

சும்மா வந்த பழக்கமில்லை அது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அவள் வளர்த்த தீக்கோழி ஒன்று இரை எடுக்காமல் கிடந்து செத்துப்போனது. மருத்துவர் அதன் இரைப்பையிலிருந்து விரல் நீளக் கம்பியை எடுத்துக் காட்டினார். வேலி கட்டும்போது அவளே வெட்டிப்போட்ட கம்பி. மினுக்குகிற எதையும் கொத்தி விழுங்குகிற பறவை அது; அதைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது? இரண்டு நாள் அவளுக்குத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை.

பல வருடம் கழித்து ஒருநாள் காலை, அதே வேலியில்தான் வேலை. துருப்பிடித்த கட்டுக்கம்பிகளை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டவேண்டும். வெட்டியவர் ஃபிட்டர், அதாவது அவள் புருஷன். மூன்று தீக்கோழிகளும் பக்கத்துக் கொட்டிலில் அடைபட்டுக் கதவை உதைத்துக்கொண்டிருந்தன. சாவி அவள் பையில். முடிச்சுக்கு ஒரு துண்டாகப் பதினோரு முடிச்சு வெட்டியாயிற்று. டப்பாவில் இருந்தது பத்து.

"எல்லாத்தையும் டப்பாலதான் போட்டேன்," என்றார் ஃபிட்டர்.

"இன்னொரு வாட்டி எண்ணுங்க."

"பத்துதான். முடிச்சை நீ தப்பா எண்ணியிருப்ப. திறந்து விடு, வெயில் ஏறுது."

"பதினொண்ணு வராம திறக்கமாட்டேன்."

"இருபது வருஷமா குடும்பம் நடத்துறேன், என் பேச்சுல நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல நம்பிக்கை இருக்கு. உங்க கை மேலதான் இல்ல."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் நிழலில் போய் உட்கார்ந்தார். அவள் குச்சியில் கட்டிய காந்தத்தை வேலியோரமாகச் சாண் சாணாக இழுத்துக்கொண்டு போனாள். பழைய ஆணி ஒன்று வந்தது, சோடா மூடி வந்தது, கம்பி வரவில்லை.

கால் கடுக்கிறதென்று வெளியே வந்து பூட்ஸைக் கழற்றினாள். அதன் அடிப்பாகத்துப் பள்ளத்தில், சேற்றோடு சேர்ந்து அது ஒட்டிக்கொண்டிருந்தது. வெட்டுமுனை மட்டும் மின்னியது.

அவர் பேச்சைக் கேட்டுத் திறந்துவிட்டிருந்தால், தீவனத் தட்டோடு அதையும் அவளே கொண்டுபோய்ப் போட்டிருப்பாள். இரண்டாவது முறையாக.

"என் கால்லதாங்க இருந்துச்சு," என்றாள். துண்டை அவரிடம் நீட்டினாள்.

குத்திக்காட்ட அதைவிட நல்ல நேரம் அவருக்குக் கிடைக்காது. அவரோ துண்டை வாங்கி டப்பாவில் போட்டு, "பதினொண்ணு," என்று உரக்கச் சொன்னார். பிறகு, யாரும் கேட்காமலே, வேலியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தூக்கித் தன் பூட்ஸின் அடியைக் காட்டினார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி காட்டுங்க."

அவர் மறுபடியும் தூக்கிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் கொட்டில் கதவு திறந்தது.