பலகைச் சுவரை மறுபடி நிறுத்தினோம்

பிள்ளைகளே, நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்தில் பிழை இருக்கலாம், பொய் இருக்காது.

எழுபதுகளில் நான் துபாயில் ஏசி மெக்கானிக். அங்கே தேரா என்ற பகுதியில், கடைகளுக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. வீடு என்றால் ஒரு ரூம், ஒரு ஹால், ஒரு சமையலறை. ரூமில் நானும் என் மனைவியும். ஹாலைப் பலகை வைத்துத் தடுத்து, அந்தப் பக்கம் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கொத்தனார் அண்ணன். இன்னொருவன் லாரி ஓட்டும் தம்பி. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக இருக்கும் ஆம்பிளைகளை அங்கே பேச்சிலர் என்பார்கள். கொத்தனார் அண்ணனுக்கு ஊரில் நாலு பிள்ளைகள். அவரும் பேச்சிலர்தான்! எங்கள் நாலு பேருக்கும் ஒரே உலை, ஒரே குழம்பு.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். குழந்தை இல்லை. சென்னையில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குத் தத்துக் கேட்டு எழுதிப்போட்டோம். பதில் வந்தது. எட்டு மாதப் பெண் குழந்தை இருக்கிறாள். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். துபாயில் ஓர் ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருக்கும் சென்னை அம்மா லீவு நாளான வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வருவார். அவர் எழுதுவதைப் பார்த்துத்தான் முடிவு சொல்வோம். என் மனைவி அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தாள் என்று எனக்கே தெரியாது. மடிப்பு கிழிந்துவிட்டது.

எங்கள் கம்பெனி கிளார்க் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர், விவரம் தெரிந்தவர். அவரிடம் யோசனை கேட்டேன்.

"பேச்சிலர் இருக்க வீட்டுக்குப் பொம்பளப் பிள்ளைய எவன்வே குடுப்பான்? முதல்ல அந்தப் பலகையத் தூக்கும். முழு வீடும் உம்ம வீடுன்னு காட்டும். என் சோபாவ அனுப்புதேன், போட்டுக்கிடும்" என்றார். கிட்டே வந்து, "இன்னொண்ணு. உம்ம வீட்டுக்காரிய ஒரு வருஷம் ஊருக்கு அனுப்பிரும். பிள்ளையோட திரும்பி வரட்டும். அங்க பெத்ததுன்னு சொல்லிக்கிடலாம். கடல் தாண்டிப் போயி எவன் விசாரிக்கப் போறான்?" என்றார்.

நான் சரியென்று தலையை ஆட்டினேன். மறைக்காமல் சொல்கிறேன்.

வியாழக்கிழமை மத்தியானமே பலகையைக் கழற்றினோம். கழற்றிக் கொடுத்தவர்களே கொத்தனார் அண்ணனும் டிரைவர் தம்பியும்தான். கட்டில்களையும் டிரங்குப் பெட்டிகளையும் மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். "நாளைக்குக் காலையிலயே நாங்க கடற்கரைக்குப் போயிருதோம் மதினி. பொழுது சாஞ்சுதான் வருவோம்" என்றான் டிரைவர் தம்பி. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். என்னால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

கிளார்க்கின் சோபா வந்து ஹாலில் உட்கார்ந்தது. என் மனைவி அதில் உட்காரவில்லை. நான் சமையலறையில் அவர்கள் தட்டையும் டம்ளரையும் ஒரு சாக்கில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அத ஏன் எடுக்கீங்க?"

"நாலு தட்டு இருந்தா கேப்பாங்கல்லா?"

"இன்னைக்கு இவங்க தட்ட ஒளிச்சு வைங்க. நாளைக்கு அந்தப் பிள்ள எங்க இருந்து வந்துச்சுங்கறதையும் சாக்குல கட்டி ஒளிச்சு வைங்க. காலம்பூரா ஒளிச்சுக்கிட்டே இருங்க. எனக்கு அப்படி ஒரு பிள்ள வேண்டாம்."

அந்தக் குழந்தைக்காக என்னைவிட அதிகமாக ஏங்கியவள் அவள். அவளே அப்படிச் சொன்னதும் எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. தராவிட்டால் போகட்டும் என்று நினைக்கவில்லை. இப்படியே இருப்போம், தராமல் போகிறார்களா பார்ப்போம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, கடற்கரைக்குக் கிளம்பிய இரண்டு பேரையும் நிறுத்திவிட்டு, சோபாவைத் திருப்பி அனுப்பினேன். பின்னாலேயே கிளார்க் ஓடி வந்தார். "கைக்கு வந்தத நீரே கெடுத்துக்கிடாதேயும்வே!"

"போனா என் பிள்ளதான போகும்? உமக்கென்ன?" என்றேன். என் பிள்ளை என்று அப்போதுதான் முதல்முதலாகச் சொன்னேன்.

பலகையை நிறுத்தி ஸ்க்ரூ முறுக்கிக்கொண்டிருந்தபோதே மேட்ரன் வந்துவிட்டார். அரை மணி நேரம் முன்னதாக! கொத்தனார் அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் கட்டில் சட்டத்தோடு நின்றார்.

"இவங்க யாரு?"

"எங்க வீட்டுல இருக்கவங்கம்மா. ஒண்ணாச் சமைச்சு ஒண்ணாச் சாப்பிடுதோம். உங்ககிட்ட இவங்கள மறைக்கத்தான் நேத்து பலகையக் கழட்டுனேன். மனசு கேக்கல. திரும்ப மாட்டுதேன்."

மேட்ரன் நோட்டைத் திறந்து ஏதோ எழுதினார். என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ரூமுக்குள் அழைத்துப்போய் ஏசியைப் போட்டேன். உடைந்த மூன்று ஏசிகளிலிருந்து நானே சேர்த்துக் கட்டியது. அதற்கு நல்ல மார்க் விழும் என்று நம்பினேன். மேட்ரன் முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டார்.

"ஜில்லுன்னு இருக்கு. சரி, பகல்ல இங்க வெளிச்சம் எப்படி வரும்?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். அந்த ரூமில் இருந்தது ஒரே ஜன்னல். அதில் ஏசியை வைத்து, மிச்ச இடத்தையும் பலகையால் அடைத்தவன் நான்தான். துபாயில் எத்தனையோ வீட்டு ஜன்னல்களை அப்படி அடைத்திருக்கிறேன். ஒரு தடவைகூட வெளிச்சம் என் நினைப்பில் வரவில்லை.

"தவழப்போற குழந்தை. நாள் பூரா டியூப் லைட்டையா பாத்துட்டு இருக்கும்?"

பலகைக்கு அந்தப் பக்கமிருந்து கொத்தனார் அண்ணன் குரல் வந்தது. "அம்மா, எங்க பக்கம் பெரிய சன்னல் இருக்கு, கிழக்கப் பாத்தது. ஒரு மணி நேரம் குடுங்க, இடத்த மாத்திக்கிடுதோம்."

"பகல்ல சைட்டுல கெடக்கோம். எங்களுக்கு எதுக்குச் சன்னல்?" என்றான் தம்பி.

"எல்லாத்தையும் ஒட்டுக் கேட்டுட்டா இருக்கீங்க?" மேட்ரன் சிரித்துவிட்டார்.

"ஒட்டாமலே கேக்கும்மா!"

இடம் மாற்றி முடியும்வரை அவர் போகவில்லை. ஐந்து டம்ளரில் டீ வந்தது. குடித்துவிட்டு என் மனைவியிடம் கேட்டார்: "நாளைக்கு அவ வளந்து, நான் எங்கேர்ந்து வந்தேன்னு கேட்டா?"

"கேக்குற வரைக்கும் எதுக்கும்மா மறைச்சு வச்சிருக்கணும்? நாங்களே சொல்லிருவோம்."

மேட்ரன் நோட்டை மூடினார்.

இரண்டு மாதம் கழித்துச் சம்மதக் கடிதம் வந்தது. என் மனைவி சென்னைக்குப் போய், ஆக வேண்டியதையெல்லாம் முடித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்த அன்றைக்கே கிளார்க் படிக்கட்டில் என்னை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "ஊர்ல பெத்ததுன்னுதான சொல்லணும்?" என்றார்.

பிள்ளைகளே, அப்படி ஒரு வீட்டுக்கு வந்தவர்கள் உங்களில் இருந்தால், யாருக்காகவும் குரலைத் தாழ்த்தாதீர்கள். நான் தாழ்த்தவில்லை. "இல்லவே! எழுதிக் கேட்டு, வீட்டக் காட்டி, வாங்கிட்டு வந்த பிள்ள!" என்று மூன்று மாடிக்கும் கேட்கச் சொன்னேன்.

மேலே, ஜன்னல் வெளிச்சத்தில் குழந்தையைத் தோளில் வைத்திருந்த டிரைவர் தம்பி அங்கிருந்தே கத்தினான்: "இன்னும் சத்தமாச் சொல்லுங்கண்ணே, கீழ் கடைக்காரனுக்குக் கேக்கல!"